புள்ளிக்குப் பின்னால் யார் இருக்கிறார்? புதிய டொமைன் பின்னொட்டுகள்: ஓர் எளிய விளக்கம்

பாரத ஸ்டேட் வங்கியின் இணைய முகவரி எட்டே ஆண்டுகளில் இரண்டு முறை மாறியிருக்கிறது. நெடுங்காலம் ‘எஸ்பிஐ.கோ.இன்’ என்று இருந்தது, 2017இல் ‘பேங்க்.எஸ்பிஐ’ ஆனது. 2025இல் ‘எஸ்பிஐ.பேங்க்.இன்’ ஆகிவிட்டது. கோடிக்கணக்கான வாடிக்கையாளர்களுக்குப் பழகிப்போன முகவரியை ஒரு வங்கி காரணமில்லாமல் மாற்றாது. அந்த இரண்டு மாற்றங்களுக்கும் என்ன காரணம் என்று பார்த்தால், புதிய டொமைன் பின்னொட்டுகளை நிறுவனங்கள் ஏன் வாங்குகின்றன, வாங்கியதில் எது பயன்பட்டது, எது வீணானது என்பதெல்லாம் தானே விளங்கிவிடும்.

பின்னொட்டு என்று நான் சொல்வது முகவரியின் கடைசிப் புள்ளிக்குப் பிறகு வரும் பகுதியை. டாட் காம், டாட் ஆர்க், டாட் இன் போன்றவை நமக்குப் பழகியவை. இன்று இப்படி ஏறத்தாழ 1,400 பின்னொட்டுகள் இணையத்தில் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை 2013க்குப் பிறகு வந்தவை.

வலமிருந்து படியுங்கள்

இணைய முகவரியை நாம் இடமிருந்து வலமாகப் படிக்கிறோம். கணினி அதை வலமிருந்து இடமாகத்தான் தேடும். ‘எஸ்பிஐ.பேங்க்.இன்’ என்று பிரவுசரில் தட்டினால், உங்கள் இணையச் சேவையின் கணினி முதலில் ‘ரூட்’ எனப்படும், எல்லாப் பின்னொட்டுகளின் பட்டியலையும் வைத்திருக்கும் வேர் சர்வர்களில் ஒன்றிடம் போய், டாட் இன் யார் பொறுப்பில் இருக்கிறது என்று கேட்கும். டாட் இன்னை நிர்வகிக்கும் நிக்ஸி அமைப்பின் சர்வர்களை அது காட்டும். அங்கே போய் பேங்க் டாட் இன்னுக்குள் எஸ்பிஐ எங்கே என்று விசாரித்தால், வங்கியின் சர்வர் தெரியவரும். கடைசியில் கிடைப்பது ஓர் எண். கணினிகளுக்கு அந்த எண்தான் உண்மையான முகவரி. அடிக்கடி கேட்கப்படும் பெயர்களுக்கான விடையைக் கணினிகள் சிறிது நேரம் நினைவில் வைத்துக்கொள்வதால், ஒவ்வொரு முறையும் வேர் வரை போக வேண்டியதில்லை.

இந்த ஏற்பாட்டில் வலப்பக்கம் இருப்பவர்தான் இடப்பக்கம் யார் வரலாம் என்பதை முடிவு செய்கிறார். ஒரு பின்னொட்டின் முழுப் பட்டியலையும் வைத்திருக்கும் அமைப்புக்கு ரெஜிஸ்ட்ரி என்று பெயர். அதனிடமிருந்து பெயர்களை எடுத்து நமக்கு விற்பவர் ரெஜிஸ்ட்ரார். டாட் காமின் ரெஜிஸ்ட்ரி வெரிசைன் என்ற அமெரிக்க நிறுவனம். நீங்கள் யார், அந்தப் பெயருக்கு உங்களுக்கு என்ன உரிமை என்றெல்லாம் டாட் காமில் யாரும் கேட்பதில்லை. பெயர் காலியாக இருந்து, பணமும் கட்டிவிட்டால், அது உங்களுடையது.

சாதாரண மக்களுக்கு இந்தத் திறந்த வாசல் பெரிய வரம். முதலீடு இல்லாத ஒரு மாணவரும் பன்னாட்டு நிறுவனமும் ஒரே வரிசையில் நின்று பெயர் வாங்க முடிந்ததால்தான் இணையம் இவ்வளவு பெரிதாக வளர்ந்தது. மோசடிக்காரர்களுக்கும் அதே வாசல்தான். ஒரு வங்கியின் பெயரோடு ‘கேஒய்சி’, ‘ரிவார்டு’ என்று எதையாவது ஒட்டி, சில நூறு ரூபாய் செலவில் முகவரி வாங்கிவிடுகிறார்கள். முகவரிக்குள் வங்கியின் பெயர் இருக்கிறதே என்று நம்பி, ஓய்வூதியத்தைத் தொலைத்தவர்களின் செய்திகளை நாம் தொடர்ந்து படித்துக்கொண்டிருக்கிறோம். பின்னொட்டு என்பது நிர்வாக விவரம் மட்டும் அல்ல, சாமானியர்களின் பணத்தோடு சம்பந்தப்பட்டது என்று நான் நினைப்பது இதனால்தான்.

ஏழிலிருந்து ஆயிரத்துக்கு

டொமைன் பெயர் முறையை 1983இல் வடிவமைத்தவர் பால் மொக்கபெட்ரிஸ். அடுத்த ஆண்டு ஜான் போஸ்டலும் ஜாய்ஸ் ரெனால்ட்ஸும் எழுதிய ஆவணத்தில் காம், எடு, கவ், மில், ஆர்க் ஆகியவை பொதுப் பின்னொட்டுகளாக வந்தன. பின்னர் நெட்டும் இன்ட்டும் சேர்ந்தன. 1985 மார்ச் 15 அன்று பதிவான ‘சிம்பாலிக்ஸ்.காம்’ முதல் டாட் காம் முகவரி. இவற்றோடு ஒவ்வொரு நாட்டுக்கும் இரண்டெழுத்துப் பின்னொட்டு கிடைத்தது. பதினைந்து ஆண்டுகளுக்கு இவ்வளவுதான் இருந்தன.

1998இல் கலிஃபோர்னியாவில் தொடங்கப்பட்ட ஐகேன் என்ற லாப நோக்கமற்ற அமைப்பு, உலக டொமைன் பெயர்களை ஒருங்கிணைக்கும் பொறுப்பை ஏற்றது. 2000இல் அது ஏழு புதிய பின்னொட்டுகளைத் தேர்ந்தெடுத்தது. இன்ஃபோ, பிஸ் இரண்டும் ஓரளவு புழக்கத்துக்கு வந்தன. ஏரோ, மியூசியம் போன்றவை குறிப்பிட்ட துறைக்கானவையாகவே இருந்தன. பிறகு ஆசியா, ட்ராவல், மொபி என்று சில வந்தன.

பெரிய திருப்பம் 2011 ஜூனில் சிங்கப்பூரில் நடந்த ஐகேன் கூட்டத்தில் வந்தது. எந்த நிறுவனமும் தனக்கென்று ஒரு பின்னொட்டையே கேட்டு விண்ணப்பிக்கலாம் என்று அங்கே முடிவானது. விண்ணப்பக் கட்டணம் 1,85,000 டாலர், அன்றைய மதிப்பில் ஏறத்தாழ ஒரு கோடி ரூபாய். பின்னொட்டு கிடைத்த பிறகு ஆண்டுக்கு 25,000 டாலர் ஐகேனுக்குக் கட்ட வேண்டும். அதன் சர்வர்களை இடைவிடாமல் இயக்கும் செலவு தனி. இத்தனைக்கும் 2012இல் 1,930 விண்ணப்பங்கள் குவிந்தன. கூகுள் மட்டும் 101 கேட்டது. டோனட்ஸ் என்ற புதிய நிறுவனம் 307 கேட்டது.

2013 அக்டோபரில் வேரில் முதலில் சேர்ந்த நான்கும் ஆங்கிலம் எழுதும் லத்தீன் எழுத்துகளில் இல்லை. அரபியில் ஒன்று, சீனத்தில் ஒன்று, ரஷ்ய எழுத்தில் இரண்டு. நாற்பது ஆண்டு இணைய வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த தகவல்களில் இது ஒன்று.

ஒரே பெயரைப் பலர் கேட்டபோது சண்டைகள் வந்தன. டாட் ஆப்புக்குப் பதின்மூன்று பேர் விண்ணப்பித்திருந்தார்கள். 2015இல் நடந்த ஏலத்தில் இரண்டரைக் கோடி டாலருக்குக் கூகுள் அதை எடுத்தது. அடுத்த ஆண்டு டாட் வெப் 13.5 கோடி டாலருக்கு ஏலம் போனது. பணத்தால் தீராத சண்டையும் உண்டு. அமேசான் நிறுவனம் தன் பெயரில் பின்னொட்டு கேட்டபோது பிரேசிலும் பெருவும் எதிர்த்தன. அது தங்கள் மக்கள் வாழும் நதியின், காட்டின் பெயர் என்பது அவர்களின் வாதம். 2014இல் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. 2017இல் ஒரு மறுஆய்வுக் குழு நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. கடைசியில் பின்னொட்டு நிறுவனத்துக்கே போனது. தென் அமெரிக்க நிலப்பகுதி ஒன்றின் பெயரைக் கொண்ட படகோனியா ஆடை நிறுவனமோ அங்குள்ள நாடுகளின் எதிர்ப்பைப் பார்த்து 2013லேயே விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஒரு நிலப்பரப்பின் பெயர் யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்கு வணிக முத்திரைச் சட்டத்தில் மட்டும் விடை தேட முடியாது என்பதை இந்த இரண்டு வழக்குகளும் காட்டின.

வாங்கியவர்கள் என்ன செய்தார்கள்?

மூன்று விதமான பின்னொட்டுகள் வந்தன என்று புரிந்துகொண்டால் போதும். வாசலில் யார் நிற்கிறார் என்பதில்தான் மூன்றும் வேறுபடுகின்றன.

முதலாவது, யாரும் வாங்கக்கூடியவை. ஷாப், ஆன்லைன், எக்ஸ்ஒய்இஸட் போன்றவை இந்த வகை. டாட் காமில் நல்ல பெயர்கள் தீர்ந்துவிட்ட நிலையில், புதிதாகத் தொடங்குபவர்களுக்கு இவை இடம் கொடுத்தன. கூகுள் 2015இல் ஆல்ஃபபெட் என்ற தாய் நிறுவனத்தை உருவாக்கியபோது அதற்கு ‘ஏபிசி.எக்ஸ்ஒய்இஸட்’ என்ற முகவரியைத் தேர்ந்தெடுத்தது இந்தப் பின்னொட்டுக்குப் பெரிய விளம்பரம். ஆனால் வாசல் டாட் காமைப் போலவே திறந்துதான் கிடக்கிறது. சில பின்னொட்டுகளில் முதல் ஆண்டு விலை மிகக் குறைவு என்பதால் குப்பை அஞ்சல்காரர்கள் மொத்தமாக வாங்கிப் பயன்படுத்திவிட்டுப் போய்விடுகிறார்கள். எல்லாப் புதிய பின்னொட்டுகளின் பதிவுகளையும் கூட்டினாலும் டாட் காமின் எண்ணிக்கையில் மூன்றில் ஒரு பங்கைத் தொடவில்லை. டாட் காமில் மட்டும் 15 கோடிக்கும் மேற்பட்ட பெயர்கள் இருக்கின்றன.

இரண்டாவது, ஒரே நிறுவனத்துக்கு மட்டும் உரியவை. பார்க்ளேஸ் வங்கி ‘ஹோம்.பார்க்ளேஸ்’ என்று வைத்துக்கொண்டது. ஜப்பானின் கேனன் 2016இல் ‘குளோபல்.கேனன்’ என்று மாறியது. ஐரோப்பிய அணு ஆய்வு மையமான செர்ன் ‘ஹோம்.செர்ன்’ என்ற முகவரியில் இயங்குகிறது. நம் நாட்டில் ரிலையன்ஸ் தரப்பு டாட் ஜியோவை வாங்கியது, ஸ்டேட் வங்கி டாட் எஸ்பிஐயை வாங்கியது. பாதுகாப்பு என்று பார்த்தால் இது மிக உறுதியானது. டாட் எஸ்பிஐ என்று முடியும் முகவரியை உலகில் வேறு யாராலும் எந்த விலை கொடுத்தும் வாங்க முடியாது.

இருந்தும் பல நிறுவனங்கள் தங்கள் பின்னொட்டை அப்படியே தூங்கவிட்டன. மெக்டொனால்ட்ஸ் 2017இல் தன்னுடையதைத் திருப்பிக் கொடுத்துவிட்டது. இப்படி ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டவர்கள் நூற்றுக்கும் மேல். பலர் 2012இல் விண்ணப்பித்ததே நம்மை வேறு யாராவது முந்திவிடக் கூடாது என்ற பயத்தில்தான். பெயர் கையில் வந்த பிறகு அதை வைத்து என்ன செய்வது என்ற திட்டம் இருக்கவில்லை. பழைய டாட் காம் முகவரியில் பதினைந்து இருபது ஆண்டுகளாகச் சேர்ந்த தேடுபொறி மதிப்பைக் கைவிடவும் மனம் வரவில்லை.

மூன்றாவது வகைதான் என் பார்வையில் மிகவும் முக்கியமானது. தகுதியை நிரூபித்தால் மட்டும் உள்ளே விடும் பின்னொட்டுகள் இவை. 2015இல் திறக்கப்பட்ட டாட் பேங்க் அப்படிப்பட்டது. அதில் பெயர் வாங்க உரிமம் பெற்ற வங்கியாகவோ வங்கித் துறை சார்ந்த அமைப்பாகவோ இருக்க வேண்டும், சரிபார்ப்பு உண்டு, தகவலை ரகசியமாக்கி அனுப்பும் குறியாக்கம் கட்டாயம். உண்மையில் இந்த யோசனை புதிதும் அல்ல. இந்தியாவில் ஏசி டாட் இன், எடு டாட் இன் முகவரிகளைக் கல்வி நிறுவனங்களுக்கு மட்டும் எர்நெட் என்ற அரசு சார்ந்த அமைப்பு கொடுத்துவருகிறது. கவ் டாட் இன் அரசுக்கு மட்டும்.

ஸ்டேட் வங்கி ஏன் மறுபடி மாறியது?

டாட் எஸ்பிஐ அவ்வளவு உறுதியானது என்றால் 2025இல் அதை விட்டு ஏன் வர வேண்டும்?

2025 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி, இந்திய வங்கிகளுக்கென்று பேங்க் டாட் இன் என்ற தனிப் பின்னொட்டு வரப்போவதாக அறிவித்தது. ஏப்ரல் 22 அன்று வந்த சுற்றறிக்கை, அக்டோபர் 31க்குள் எல்லா வங்கிகளும் மாற வேண்டும் என்று கெடு வைத்தது. இதில் பெயர் பதிவு செய்யும் உரிமை ஹைதராபாத்தில் இருக்கும் ஐடிஆர்பிடி என்ற நிறுவனத்துக்கு மட்டும்தான். அது ரிசர்வ் வங்கி உருவாக்கிய வங்கித் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம். தொழில்நுட்பக் கணக்கில் பார்த்தால் இது ஐகேனிடம் வாங்கிய புதிய பின்னொட்டு அல்ல. ஏற்கெனவே இருக்கும் டாட் இன்னுக்குள் வகுத்த ஒரு தனிப் பகுதி. லட்சம் டாலர் கட்டணம் எதுவும் தேவைப்படவில்லை.

டாட் எஸ்பிஐயின் வாசல் பூட்டியே இருந்தது. ஆனால் அது பூட்டிய வாசல் என்பது எத்தனை வாடிக்கையாளருக்குத் தெரியும்? ஒரு வங்கி தன் பெயரையே பின்னொட்டாக வைத்துக்கொள்கிறது, இன்னொன்று டாட் காமில் இருக்கிறது, வேறொன்று கோ டாட் இன்னில் இருக்கிறது. ஒவ்வொரு வங்கிக்கும் ஒவ்வொரு முகவரியை மக்கள் தனித்தனியாக நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. இப்போது விதி ஒன்றே ஒன்றுதான். இந்திய வங்கி என்றால் முகவரி பேங்க் டாட் இன் என்று முடிய வேண்டும். ‘எச்டிஎஃப்சி.பேங்க்.இன்’, ‘ஐசிஐசிஐ.பேங்க்.இன்’, ‘எஸ்பிஐ.பேங்க்.இன்’ என்று எல்லாம் ஒரே அச்சில் இருக்கின்றன. ஒரே ஒரு நிறுவனம் தனக்கு மட்டும் வாங்கிய பாதுகாப்பைவிட, எல்லோரும் சேர்ந்து கடைப்பிடிக்கும் எளிய விதி மக்களுக்கு அதிகம் உதவும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். வீட்டில் இருக்கும் பெரியவர்களுக்கு இந்த ஒரு விதியை இன்றே சொல்லிக்கொடுக்கலாம்.

சொல்லிக்கொடுக்கும்போது ‘முடிய வேண்டும்’ என்பதை அழுத்திச் சொல்லுங்கள். ‘எஸ்பிஐ.பேங்க்.இன்.லாகின்.டாப்’ என்று யாராவது ஓர் இணைப்பு அனுப்பினால், அதில் பேங்க் டாட் இன் நடுவில்தான் இருக்கிறது. வலமிருந்து படித்தால் அது டாட் டாப்புக்குள் ‘லாகின்’ என்ற பெயரை வாங்கியவரின் சொத்து என்பது தெரிந்துவிடும். தொடக்கத்தில் இருக்கும் ‘https://’ என்பதை விட்டுவிட்டுப் பார்த்தால் முகவரியில் முதல் சாய்வுக்கோடு வருகிறதல்லவா, அதற்கு முன்னால் நின்று இடப்பக்கமாகப் படித்து வர வேண்டும். தொலைபேசியில் ஓடிபி கேட்டு ஏமாற்றுபவரை எந்தப் பின்னொட்டும் தடுக்காது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

தமிழ் எழுத்தில் பின்னொட்டு

முழுக்கத் தமிழ் எழுத்திலேயே பின்னொட்டுகள் இருக்கின்றன என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. 2010இல் ‘.இலங்கை’ வேரில் சேர்ந்தது. 2011இல் ‘.இந்தியா’, ‘.சிங்கப்பூர்’ இரண்டும் சேர்ந்தன. மூன்று நாடுகளின் அதிகாரபூர்வப் பின்னொட்டு தமிழில் இருப்பது சிறிய விஷயம் அல்ல.

ஆனால் புழக்கம் மிகக் குறைவு. டொமைன் முறை லத்தீன் எழுத்துகளுக்காகவே உருவானதால், தமிழ் முகவரியைக் கணினிகள் உள்ளுக்குள் லத்தீன் எழுத்துகளும் எண்களும் கலந்த ஒரு சங்கேத வரிசையாக மாற்றித்தான் அனுப்புகின்றன. பிரவுசர்கள் அதை நன்றாகவே கையாளுகின்றன. சிக்கல் மற்ற மென்பொருள்களில் இருக்கிறது. விண்ணப்பப் படிவங்கள் பலவற்றில் தமிழ் மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்தால் ‘தவறான முகவரி’ என்று சிவப்பில் எழுதிக் காட்டும். பின்னொட்டு மூன்று எழுத்துக்குள்தான் இருக்கும் என்று எப்போதோ எழுதிய நிரல், நீளமான ஆங்கிலப் பின்னொட்டுகளையும் இப்படித்தான் துரத்துகிறது. இதைச் சரிசெய்ய வைப்பதற்காக ஐகேனின் ஆதரவோடு 2015 முதல் ஒரு குழு உழைத்துவருகிறது. தமிழ்நாட்டில் மென்பொருள் எழுதும் ஒவ்வொருவரும் தங்கள் படிவங்களில் இதைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். நம் எழுத்தை நம்முடைய படிவமே மறுப்பது வேதனை.

2012க்குப் பிறகு அடுத்த பெரிய விண்ணப்பச் சுற்றை 2026 ஏப்ரல் இறுதியில் திறக்க ஐகேன் திட்டமிட்டது. கட்டணம் 2,27,000 டாலர், ஏறத்தாழ இரண்டு கோடி ரூபாய். தமிழ் உட்பட 27 எழுத்துமுறைகளில் பின்னொட்டு கேட்கலாம். போட்டியாளர்கள் தங்களுக்குள் தனியாக ஏலம் நடத்திப் பணத்தைப் பங்கிட்டுக்கொண்ட பழைய வழக்கத்துக்கு இந்தச் சுற்றில் தடை இருக்கிறது.

ஒரு சிறிய அமைப்பு என்ன செய்யலாம்?

பள்ளி, அறக்கட்டளை, ஊர்ச் சங்கம், சிறு கடை நடத்துபவர்களுக்குச் சொந்தப் பின்னொட்டு தேவையில்லை. இருக்கும் பின்னொட்டுகளில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதுதான் அவர்களின் கேள்வி. நீங்கள் தகுதி பெற்ற கல்வி நிறுவனம் என்றால் யோசிக்கவே வேண்டாம், மூடிய வாசல் உங்களுக்காகத் திறந்திருக்கிறது, ஏசி டாட் இன் அல்லது எடு டாட் இன் வாங்குங்கள். மற்றவர்களுக்கு டாட் இன், டாட் காம், டாட் ஆர்க் இவற்றில் பொருத்தமான பெயர் கிடைத்தால் அதுவே போதும்.

புதிய பின்னொட்டுதான் வேண்டும் என்றால் விலையை இரண்டாம் ஆண்டிலிருந்து பாருங்கள். முதல் ஆண்டு நூறு ரூபாய் என்று விளம்பரம் இருக்கும். புதுப்பிக்கும்போது அது மூவாயிரமாக நிற்கலாம். புதிய பின்னொட்டுகளில் ரெஜிஸ்ட்ரி எவ்வளவு கேட்கலாம் என்பதற்கு ஐகேன் உச்சவரம்பு எதுவும் வைக்கவில்லை. 2017இல் யூனிரெஜிஸ்ட்ரி என்ற ரெஜிஸ்ட்ரி நிறுவனம் தன் பின்னொட்டுகள் சிலவற்றின் விலையைப் பல மடங்கு உயர்த்தியபோது வாடிக்கையாளர்கள் கொதித்துப்போனார்கள். பெயர் யார் பேரில் பதிவாகிறது என்பதையும் கவனியுங்கள். வெப்சைட் செய்து கொடுத்தவரின் பேரில் பதிவாகியிருந்தால், சட்டப்படி அது அவருடைய பெயர்.

பழைய முகவரியிலிருந்து புதியதற்கு மாறும்போது, பழைய பக்கம் ஒவ்வொன்றும் அதற்குரிய புதிய பக்கத்துக்கு நிரந்தரமாகத் திருப்பிவிடும்படி அமைக்கச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் முகப்புப் பக்கத்துக்கு அனுப்பிவிட்டால் தேடுபொறியில் சேர்த்த மதிப்பு போய்விடும். மின்னஞ்சல் இரண்டு முகவரியிலும் சில காலம் வரட்டும். ரசீதுப் புத்தகம், பெயர்ப்பலகை, வங்கிக் கணக்கில் கொடுத்த மின்னஞ்சல் எல்லாவற்றையும் பட்டியல் போட்டு மாற்றுங்கள்.

பழைய டொமைனை மட்டும் கைவிடாதீர்கள். புதுப்பிக்காமல் விட்டால் சில மாதங்களில் அது சந்தைக்கு வரும், யாரும் வாங்கலாம். வாங்கியவருக்கு உங்கள் பழைய முகவரிக்கு வரும் கடிதங்களும் வரும். அந்த மின்னஞ்சலைக் கொடுத்துத் திறந்த ஏதாவது ஒரு கணக்கு இன்னும் உயிரோடு இருந்தால், அதன் பாஸ்வேர்டை மாற்றும் இணைப்பும் அவர் கைக்கே போகும். ஸ்டேட் வங்கிக்கு இது பொருந்துவது போலவே முப்பது உறுப்பினர் இருக்கும் சங்கத்துக்கும் பொருந்தும். ஆண்டுக்கு ஆயிரம், ஆயிரத்தைந்நூறு ரூபாய்ச் செலவுதான். புதிய முகவரி எல்லோருக்கும் பழகிய பிறகும் அதைக் கட்டிக்கொண்டே இருங்கள்.